பைக் டேங்க் மூச்சு விடுகிறதா? மூடித் துளை முதல் கேனிஸ்டர் வரை நீங்களே பார்க்கலாம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் என் பழைய 100 சிசி வண்டி நான்கு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஓடும், அப்புறம் இருமுவது போல இரண்டு குலுக்கல், அவ்வளவுதான். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, கால் மணி நேரம் கழித்து உதைத்தால் கிளம்பிவிடும். பிளக்தான் கோளாறு என்று நினைத்துக் கண்ணமங்கலத்தில் புதுசு வாங்கிப் போட்டேன். மறுபடியும் அதே 12 கிலோமீட்டர். போளூர் வருவதற்கு முன்னால் சாலையோரக் கடை ஒன்றில் இருந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. "பெட்ரோல் மூடியத் தொறங்க தம்பி" என்றார். திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. "இப்ப உதைங்க" என்றார். ஒரே உதையில் கிளம்பியது.

இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, டேங்க் மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். சாவித் துவாரத்துக்குள் இறங்கிய சந்தனம் காய்ந்து, காற்றுத் துளையை அடைத்துவிட்டது. கோளாறு அது மட்டுமே.

புதிதாக வண்டி வாங்குபவர்களுக்கு ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது பற்றியெல்லாம் யாராவது சொல்லித் தருகிறார்கள். டேங்க் மூச்சு விட வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. இப்போதைய வண்டிகளில் அந்த மூச்சுக்குழாய் இன்னும் நீளமாகி, நடுவில் கேனிஸ்டர் என்னும் ஒரு கரி டப்பாவும் வால்வுகளும் வந்துவிட்டன. என்னவென்று தெரியாமல் பலர் அதைக் கழற்றி எறிகிறார்கள். அப்படிச் செய்யாமல் நீங்களே பார்த்துச் சரிசெய்ய இது உதவும்.

டேங்குக்கு எதற்கு மூச்சு

டேங்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால், அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) உள்ள வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம்தான். அந்த உயரம் தரும் அழுத்தம் வெளிக்காற்று அழுத்தத்தில் வெறும் 2 சதவீதம். அதனால் டேங்குக்குள் அழுத்தம் 2 சதவீதம் குறைந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும்.

இதை என் வண்டியோடு பொருத்திப் பாருங்கள். அன்று டேங்கில் கால்வாசிதான் பெட்ரோல், மீதி 9 லிட்டர் காலியிடம். அதில் 2 சதவீதம் 180 மில்லி. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 180 மில்லி என்றால் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். கணக்கு ஏறக்குறைய அப்படியே வருகிறது. இதிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது: துளை அடைத்திருந்தால், டேங்க் நிரம்பியிருக்கும்போது வண்டி சீக்கிரம் நிற்கும், காலியாகக் காலியாகத் தள்ளித் தள்ளி நிற்கும். பிளக், இக்னிஷன் காயில் கோளாறுகள் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்த்து வருவதில்லை.

இது உள்ளே இழுக்கும் மூச்சு. வெளியே விடும் மூச்சும் உண்டு. மே மாத வெயிலில் வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் சூடாகி ஆவியாகும், அது வெளியேற வழி வேண்டும். பழைய வண்டிகளில் அந்த ஆவி மூடித் துளை வழியாக நேரே தெருக் காற்றில் கலந்தது. வண்டி ஓடாமல் சும்மா நிற்கும்போதும் பெட்ரோல் இப்படிக் காற்றில் போய்க்கொண்டே இருந்தது. வெயிலில் இந்த ஆவி சைலன்சர் புகையோடு வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகிறது. நுரையீரலுக்குக் கெடுதல் அது. பெட்ரோலில் ஒரு சதவீதம் வரை பென்சீனும் இருக்கலாம், புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியானது. நம் ஊரில் எத்தனை வீடுகளில் இரவு வண்டியை நடையிலோ கூடத்திலோ ஏற்றி நிறுத்திவிட்டு, பக்கத்து அறையில் பிள்ளைகளோடு படுக்கிறோம்! அதனால்தான் இந்தக் கரி டப்பாவை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வண்டி எந்த வகை

ஆர்சி அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்த மாசுத் தர விதிப்படி வண்டி தயாரானது என்று அதில் இருக்கும். பாரத் ஸ்டேஜ் 3 (பிஎஸ்3) அல்லது அதற்கு முந்தையது என்றால் பெரும்பாலும் மூடித் துளையோ, டேங்கிலிருந்து கீழே தொங்கும் ஒரு ரப்பர் ஓஸோதான். பிஎஸ்4, பிஎஸ்6 என்றால் பெரும்பாலும் கேனிஸ்டர் இருக்கும். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4 வண்டிகளைத்தான் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்த மார்ச் 29 அன்று உத்தரவிட்டது நினைவிருக்கலாம். அடுத்த இரண்டு நாளும் ஷோரூம்களில் தள்ளுபடிக்குக் கூட்டம் அலைமோதியது. அந்த இரண்டு நாளில் தள்ளுபடியில் வாங்கிய வண்டி என்றால் பிஎஸ்3 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6.

ஆவி எவ்வளவு வெளியேறுகிறது என்பதற்குச் சோதனை உண்டு. வண்டியைக் காற்றுப் புகாத அறையில் வைத்து, டேங்கை ஒரு மணி நேரம் மெதுவாகச் சூடாக்குவார்கள். பிறகு ஓட்டிச் சூடேறிய வண்டியை ஒரு மணி நேரம் அதே அறையில் நிறுத்திவைப்பார்கள். இரண்டிலும் சேர்ந்து வெளிவரும் ஆவி பிஎஸ்6 வண்டிக்கு 1.5 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு டீஸ்பூன் பெட்ரோலே 3 கிராமுக்கு மேல் இருக்கும் என்பதை வைத்து அந்த அளவைப் புரிந்துகொள்ளலாம்.

கேனிஸ்டர் அமைப்பில் ஆவி போகும் வழி இது. டேங்கிலிருந்து ஒரு ஓஸ் கிளம்பி, வண்டி சாய்ந்தால் அடைத்துக்கொள்ளும் ஒரு சிறு வால்வு வழியாகக் கேனிஸ்டருக்குப் போகும். கேனிஸ்டர் என்பது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருப்பது போன்ற செயலூட்டிய கரித் துகள்கள். ஆவி அந்தக் கரியில் ஒட்டிக்கொள்ள, மிச்சக் காற்று மட்டும் இன்னொரு வாய் வழியாக வெளியே போகும். எஞ்சின் ஓடும்போது மூன்றாவது வாயில் இருக்கும் பர்ஜ் வால்வு திறந்து, ஒட்டிய ஆவியை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும், கரி மறுபடி புதுசாகும். டேங்குக்குக் காற்று வேண்டும்போதும் அதே வெளிவாய் வழியாகத்தான் கேனிஸ்டரைக் கடந்து உள்ளே வரும். அந்த வாய் அடைத்தால் டேங்குக்கு மூச்சே போய்விடும்.

கை வைக்கும் முன்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வெட்டவெளியில் வேலை செய்யுங்கள், நடையில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறை விளக்கையோ அடுப்பையோ தொடும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பூஜை விளக்கு எரியும் நேரத்தில் வீட்டுக்குள் டேங்கைத் திறக்கவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். டேங்கைத் தூக்கப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் கால் டேங்குக்கும் குறைவாக இருக்கிற நாளாகப் பாருங்கள், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

எந்த ஓஸையும் இழுப்பதற்கு முன் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஓஸிலும் ஒரு நிற இன்சுலேஷன் டேப் சுற்றி, அது செருகியிருந்த வாயிலும் அதே நிறம் சுற்றுங்கள். ஓஸ்களை மாற்றிச் செருகிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓஸின் உள்ளே அடைப்பிருக்கிறதா என்று பார்க்க ஊதலாம். வாயால் உறிஞ்சவே கூடாது. ஊதுவதற்கும் அந்த வாயை நேராக உதட்டில் வைக்காமல், சுத்தமான ஒரு துண்டு ஓஸைச் செருகி அதன் வழியாக ஊதுங்கள். சைக்கிள் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. கம்ப்ரஸர் காற்றை டேங்க், வால்வு, கேனிஸ்டர் எதற்குள்ளும் அடிக்க வேண்டாம், அதன் வேகம் வால்வுகளைக் கிழித்துவிடும்.

மூடியிலிருந்து தொடங்குங்கள்

அரை டேங்க் பெட்ரோலோடு 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிழலில் நிறுத்தி, மூடியைத் திறக்கும்போது காது கொடுங்கள். 'புஸ்' என்று லேசாக வெளியே விட்டால், வெயில் காலத்தில் அது இயல்புதான். மூடியே கீழே இழுபட்டுத் திறக்க மறுத்து, பிறகு 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுத்தால் மூச்சு அடைப்பு. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலை ஒரு பம்ப் தள்ளுவதால் கார்புரேட்டர் வண்டி போலச் சட்டென்று நிற்காது. அதனால் இந்தச் சத்தம்தான் அங்கே முதல் அறிகுறி. பம்பின் ரீங்காரம் வழக்கத்தை விட உரக்கக் கேட்பதும் ஒன்று.

ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றுவிட்டதென்றால், பிளக்கில் கை வைக்கும் முன் மூடியைத் திறந்து மூடிவிட்டு உதைத்துப் பாருங்கள். உடனே கிளம்பி, மறுபடியும் கொஞ்ச தூரத்தில் நின்றால் அடைப்பேதான். வீடு வந்து சேரும்வரை அவ்வப்போது நிறுத்தித் திறந்து மூடிக்கொள்ளலாம். மூடியைத் தளர்வாக விட்டு ஓட்டாதீர்கள். பள்ளத்தில் இறங்கினால் பெட்ரோல் தொடைமேல் தெறிக்கும், கீழே சூடான எஞ்சின்.

மூடியைச் சுத்தம் செய்வது எளிது. பழைய வகை என்றால் மூடி தனியாகக் கையோடு வந்துவிடும். அடிப்பக்கத்தில் ரப்பர் வாஷரும் சிறு துளையும் தெரியும். பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் தேய்த்து, ஊதிக் காய வையுங்கள். மேலே மடங்கித் திறக்கும் வகை என்றால் வளையத்தைச் சுற்றி நான்கைந்து ஆலன் போல்ட்டுகள் இருக்கும், அவற்றில் சில அழகுக்காக வைத்த போலி. எது வருகிறதோ அதை மட்டும் கழற்றுங்கள், வராததை முறுக்கித் தலையை உடைக்க வேண்டாம். கழற்றுவதற்கு முன் டேங்க் வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். போல்ட் உள்ளே விழுந்தால் டேங்கையே இறக்க வேண்டிவரும். மூடிக்கு கிரீஸ் பூச வேண்டாம், அது தூசியைப் பிடித்து மறுபடி துளையை அடைக்கும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். கேனிஸ்டர் வண்டிகளில் பலவற்றின் மூடியில் வெளியே போகும் துளையே இருக்காது. 'மூடியில் ஓட்டை இல்லையே' என்று ஊசி வைத்துக் குத்திவிடாதீர்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பவர்கள் சாவித் துவாரத்தை விட்டுவிட்டு டேங்க்மேல் வையுங்கள். வாட்டர் சர்வீஸில் விடும்போது "மூடிமேல நேரா அடிக்காதீங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மழைத்தண்ணீர் வடியும் துளை

மடங்கும் மூடி வகையில், மூடிக்குக் கீழே டேங்க் வாயைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் தேங்கும் மழைத்தண்ணீர் வடிய ஒரு துளை, அதிலிருந்து டேங்கின் நடுவே ஒரு குழாய், கீழே ஒரு ஓஸ். இதற்கும் ஆவிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு ஓஸும் டேங்குக்கு அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தத் துளை அடைத்தால் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர், மூடியைத் திறந்த நொடியில் பெட்ரோலுக்குள் போய்விடும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான்.

சோதிக்க, ஒரு ஸ்பூன் தண்ணீரைத் துளை வாயில் மட்டும் விடுங்கள். வண்டிக்குக் கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் கம்பியால் குத்தாமல், தூண்டில் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகத் திருகுங்கள். நரம்பு வளைந்து போகும், குழாயைக் கீறாது, துருவுக்கு வழி விடாது. ரெக்சின் டேங்க் கவர் மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கவரின் ஓரம் அந்தத் துளைமேலேயே உட்கார்ந்திருப்பதுண்டு. என்னைக் கேட்டால் கவரே வேண்டாம் என்பேன், மழைக்காலத்தில் அது தண்ணீரைப் பிடித்துவைத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது.

ஓஸ் பாதையைத் தொடருங்கள்

சீட்டைக் கழற்றி, டேங்கின் பின் போல்ட்டை எடுத்து, பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கி, மரக்கட்டை ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஓஸையோ பம்ப் ஒயரையோ இழுத்துவிடாத அளவு உயரம் போதும். டார்ச் அடித்து ஓஸ்களைக் கண்ணால் தொடருங்கள். எங்கே மடிந்திருக்கிறது, எங்கே ஃபிரேமுக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது, எங்கே எஞ்சின் சூட்டில் இறுகி வெடித்திருக்கிறது என்று பாருங்கள். சர்வீஸுக்குப் போய் வந்த மறுநாளே வண்டி நிற்க ஆரம்பித்தால், டேங்கைத் திரும்ப உட்கார வைக்கும்போது ஓஸ் மாட்டிக்கொண்டது என்று முதலில் சந்தேகப்படலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்கூட்டரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. தினமும் காலையில் நடையெல்லாம் பெட்ரோல் வாடை. ஒழுகலே இல்லை, சர்வீஸில் காட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. அடிப்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தபோது, டேங்கிலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் ஓஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கிளிப்பை எலி கடித்த தடம் இருந்தது. ஓஸின் நுனியை அரை அங்குலம் வெட்டி, புதுக் கிளிப்போடு செருகியதும் வாடை போய்விட்டது. சொட்டு இல்லாமல் வாடை மட்டும் வந்தால் ஆவி ஓஸ்களைத்தான் தேட வேண்டும்.

மாற்று ஓஸ் வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய், உள்விட்டம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்ரோலுக்கென்று வரும் ரப்பர் ஓஸாக இருக்கட்டும், எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். மீன் தொட்டி டியூபும் சலைன் டியூபும் சில வாரங்களில் கல்லாக இறுகிவிடும். மாட்டும்போது நடுவில் தொங்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான வளைவில் ஆவி குளிர்ந்து பெட்ரோலாகத் தேங்கும், அந்த இரண்டு மூன்று மில்லியே மூச்சை அடைக்கப் போதும்.

சாய்வு வால்வு பெருவிரல் அளவுக்குத்தான் இருக்கும். அதில் மேல்பக்கம் எது என்று அம்புக்குறியோ எழுத்தோ இருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும், கவிழ்த்தால் நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஓடும்போதெல்லாம் டேங்க் அடைபட்டே இருக்கும்.

கேனிஸ்டர்

இது எங்கே இருக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சீட்டுக்குக் கீழே, ஏர் ஃபில்டர் பெட்டி பக்கம், எஞ்சினுக்கு முன்னால் ஃபிரேமில், ஸ்கூட்டரில் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குள் என்று எங்கும் இருக்கலாம். டேங்கிலிருந்து வரும் ஓஸைப் பிடித்துக்கொண்டே போனால் வந்து சேர்ந்துவிடலாம்.

முதலில் வெளிவாயைப் பாருங்கள். அது பெரும்பாலும் கீழ்நோக்கித் தரை பார்த்து இருக்கும், சேறு அடைத்துக்கொள்ளும். இன்னொன்று குளவி. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டிகளில், பென்சில் கனத்துக் குழாய் கண்ணில் பட்டால் மண்குளவி உள்ளே கூடு கட்டிவிடும். என் நண்பர் மூன்று மாதம் ஊரில் இல்லாமல் வந்து வண்டியை எடுத்தபோது, நான்காவது கிலோமீட்டரில் நின்றது. வெளிவாய் ஓஸை உதறியதும் உள்ளங்கையில் செம்மண் உருண்டையாக விழுந்தது, நடுவில் பச்சைப் புழு ஒன்று காய்ந்து கிடந்தது.

அடுத்து கேனிஸ்டரைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். 'களக் களக்' என்று திரவச் சத்தம் வந்தால் உள்ளே பெட்ரோல் போயிருக்கிறது. ஓஸ் முனையில் வெள்ளைத் துணியை வைத்து மெல்ல ஊதும்போது கரித்தூள் படிந்தால் உள்ளே இருக்கும் சல்லடை கிழிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். அந்தத் தூள் பர்ஜ் வால்வுக்குள் போய் அதையும் கெடுக்கும். பெட்ரோல் வாடை மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், வாடையைப் பிடித்துவைப்பதுதானே அதன் வேலை. கேனிஸ்டரில் டேங்க் ஓஸ் செருகும் வாயில் ஊதினால் வெளிவாயில் காற்று வர வேண்டும்.

லேசாக நனைந்திருந்தால் திரும்ப மாட்டி ஒரு நீண்ட பயணம் போய் வாருங்கள், எஞ்சின் உறிஞ்சிக் காய வைத்துவிடும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் புதுசுதான். தண்ணீரில் கழுவாதீர்கள், அடுப்பருகே காய வைக்காதீர்கள்.

பர்ஜ் வால்வு

கேனிஸ்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (எஞ்சினுக்குள் காற்று போகும் வாய்) நடுவில் இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இரண்டு ஒயர் வரும் மின்வால்வு, கார்புரேட்டர் பிஎஸ்4 வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சின் உறிஞ்சலில் திறக்கும் வகை. மின்வால்வு கரண்ட் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். கழற்றி ஊதினால் காற்று போகக் கூடாது. போனால் திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்படி மாட்டிக்கொண்ட வண்டி பெட்ரோல் போட்ட உடனே கிளம்பச் சிரமப்படும், ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் ஓடும்போது) ஏறி இறங்கும். உறுதி செய்ய, எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது வால்வுக்கும் த்ராட்டில் பாடிக்கும் இடையிலுள்ள ஓஸைத் துணி சுற்றிய இடுக்கியால் சில நொடி நசுக்குங்கள். எஞ்சின் சீரானால் வால்வுதான் குற்றவாளி.

நல்ல வால்வு, எஞ்சின் சூடான பிறகு விரலை வைத்தால் 'டிக் டிக்' என்று துடிப்பது தெரியும். ஒயர் கழன்றால் பல பிஎஸ்6 வண்டிகளில் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0443, பி0444, பி0445 என்று கோளாறுக் குறியீடு வந்தால் அது இந்த வால்வின் மின்சுற்று பற்றியது. புது வால்வு வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள்.

பெட்ரோல் போடும் விதம்

கேனிஸ்டர் கெடுவதற்கு நான் பார்த்த முதல் காரணம் கழுத்து வரை நிரப்புவதுதான். பெட்ரோல் சூட்டில் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 10 லிட்டர், வெயிலில் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிட்டத்தட்ட 190 மில்லி அதிகமாகும். அது போக இடமில்லாவிட்டால் மூச்சுக்குழாய் வழியாகத் திரவமாகவே கேனிஸ்டருக்குப் போகும். டேங்க் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கழுத்தின் அடிவிளிம்பு தெரியும். பெட்ரோல் அதைத் தொடக் கூடாது. பங்க்கில் "கட் ஆனதும் போதும் அண்ணே, ரவுண்டா ஆக்க வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 497 ரூபாயை 500 ஆக்க அவர் விடும் கடைசிச் சில சொட்டுகள்தான் கழுத்தில் ஏறி நிற்கும். டேங்க் நிரப்பிய நாளில் வெயிலில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தாமல் மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் மூச்சு வாய் பெட்ரோலுக்குள் மூழ்கிவிடும்.

கழற்றி எறிவது பற்றி

'கேனிஸ்டரை எடுத்துடுங்க, மைலேஜ் கூடும்' என்று யாராவது சொல்வார்கள். கூடாது. காற்றில் போக வேண்டிய ஆவியைப் பிடித்து எஞ்சினுக்குத் தருவது அதுதான், எடுத்தால் அந்தத் துளி பெட்ரோலும் நஷ்டம். எடுத்த இடத்தில் த்ராட்டில் பாடி வாயைச் சரியாக அடைக்காவிட்டால் காற்று கசிந்து ஐடிலிங் கெடும். டேங்க் ஓஸின் முனையில் போல்ட்டைத் திணித்து அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். சாலையில் வண்டியை நிற்க வைக்க அதைவிட வேறு வழி வேண்டாம். புகைச் சான்றிதழுக்கு வண்டியைக் காட்டும்போது சைலன்சர் முனையை மட்டும்தான் அளக்கிறார்கள், கேனிஸ்டர் இல்லாதது அங்கே தெரியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. வாரண்டியும் போகும். இதையெல்லாம் விட, இரவில் அந்த வண்டி நிற்பது உங்கள் வீட்டு நடையில்.

மாட்டிய பிறகு

படங்களைப் பார்த்து ஒவ்வொரு ஓஸையும் அதன் நிறத்தோடு சேருங்கள், கிளிப்பை விரலால் இழுத்துப் பாருங்கள். டேங்கை இறக்கும்போது ஒரு கையை அடியில் விட்டு ஓஸ்கள் நசுங்காமல் நகர்த்திக்கொண்டே இறக்குங்கள், போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். சாவியைப் போட்டு, பம்ப் ஓடி நின்றதும் எங்கும் ஈரமில்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிழலில் நிறுத்தி, மூடியைத் திறங்கள். உள்ளே இழுக்கும் சத்தம் இல்லாமல், மூடி கையோடு இலகுவாக வந்தால் டேங்க் மூச்சு விடுகிறது.